வெள்ளைச் சுவரின் கதை

பனிக்காலம் முடிந்து இளவேனில் பிறக்கும்போது, குளிர்நாட்டு வீட்டுக்காரருக்கு வேலை வந்துவிடும். நான்கைந்து மாதங்களாக அடைத்து வைத்திருந்த சன்னல்களைத் திறப்பார். வெளிச்சம் உள்ளே வந்ததும் சுவரில் படிந்த கரியும் காரையில் ஓடிய விரிசலும் கண்ணில் படும். ஏணியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

ஆண்டுதோறும் ஏன் இந்த வேலை? காரணம் இரண்டு. ஒன்று, நீரின் இயல்பு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. சுவரின் நுண்துளைகளில் புகுந்த மழைநீர் பனிக்கட்டியாகும்போது, செங்கல்லையும் காரையையும் உள்ளிருந்தே பிளந்துவிடுகிறது. மற்றொன்று, கரி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வீடுகளில் குளிர்காலம் முழுவதும் நிலக்கரி எரிந்தது. நிலக்கரி வாயு விளக்குகளும் பரவின. அடுப்பு அணையும் இளவேனிலில்தான் வீட்டைக் கழுவித் துடைத்துப் புதுப்பிக்க முடிந்தது.

அந்த வீட்டுக்காரர் சுவரில் எதைப் பூசினார்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், வேதியியல் வரலாற்றின் ஒரு பகுதி முழுவதையும் கண்டுவிடலாம். அதில் நன்மையும் உண்டு, நஞ்சும் உண்டு.

சுண்ணாம்பு செய்த தொண்டு

மிகப் பழைய பூச்சு, நமக்கும் நன்கு தெரிந்த சுண்ணாம்பே. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலிருந்து கரியமிலவாயு வெளியேறுகிறது. 100 கிராம் தூய கல்லிலிருந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீரில் இட்டால் அது கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறுகச் சிறுக ஏற்று மீண்டும் கல்லாகிவிடும். சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது!

இதை விளக்கியவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜோசப் பிளாக். சிறுநீர்ப்பைக் கல்லுக்கு மருந்து தேடியவர், சுண்ணாம்பின் ஆராய்ச்சியில் இறங்கினார். கல்லைச் சுடும்போது வெளியேறும் ஒரு வளியை எடைபோட்டு அறிந்து, 1756இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த வளியை 'நிலைத்த காற்று' என்றார். அதுவே நாம் கூறும் கரியமிலவாயு. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வழியே ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும் சோதனையை நீங்கள் பள்ளியில் செய்திருப்பீர்கள். அந்தக் குவளையில் நொடியில் நிகழ்வதே, சுவரில் பல நாள் நிகழ்கிறது.

புதிதாக நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். கிருமிகள் அதில் பிழைப்பது அரிது. 1831–32இல் பிரிட்டனில் வாந்திபேதி பரவியபோது ஏழைகளின் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கிருமி என்ற கருத்தே அன்று உறுதிப்படவில்லை. காரணம் தெரியாமல் செய்தாலும், வேலை நல்ல வேலைதான்.

அழகுக்காக வந்த ஆபத்து

வசதி பெருகியவர்களுக்கு வெள்ளைச் சுவர் போதவில்லை. பூவும் இலையும் அச்சிட்ட சுவர்த்தாள் ஒட்டத் தொடங்கினார்கள். சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, 1775இல் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பச்சை நிறப்பொருள் ஒன்றைக் கண்டார். கண்ணைப் பறிக்கும் அந்தப் பச்சை 19ஆம் நூற்றாண்டின் சுவர்த்தாள்களில் நிறைந்தது. தாள் உதிர்ந்து தூசியாகும்போது ஆர்சனிக்கும் உடன் வந்தது. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் ஆர்சனிக் கலந்த வளி ஒன்று உண்டாகும் என்பதை, இத்தாலியின் கோசியோ 1890களில் காட்டினார்.

ஆர்சனிக் பச்சை மறைந்துவிட்டது. ஆனால் மரத்தின்மீது பூசிய வெள்ளை அவ்வளவு எளிதில் மறையவில்லை. அதுதான் காரீய வெள்ளை.

காரீயத் துண்டுகளைக் காடி ஊற்றிய பானைகளில் வைத்து, சாணக் குவியலுக்குள் பல வாரம் புதைத்துவிடுவார்கள். காடியின் ஆவியும், சாணம் நொதிக்கும்போது எழும் வெப்பமும் கரியமிலவாயுவும் சேர்ந்து, காரீயத்தின்மேல் வெண்பொடியை உண்டாக்கும். அதை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் வண்ணம் தயார். மரத்தை இறுகப் பற்றும், மழைக்கும் அசையாது. வீட்டுக்காரர் விரும்பியதில் வியப்பில்லை.

அதைச் செய்தவர்களும் பூசியவர்களும் கடும் வயிற்று வலியாலும் கை விழுந்துபோகும் வாதத்தாலும் துன்புற்றனர். தொழிலாளர்க்குக் காரீயம் செய்யும் கேட்டைப் பற்றி 1786இல் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு கடிதமே எழுதினார். பயனுள்ள ஓர் உண்மை தெரிந்த பிறகும், அது நடைமுறைக்கு வர எத்தனை காலமாகிறது என்று அதில் வருந்தினார். அவருடைய வருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் சொன்ன சான்று

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மர வீடுகள் மிகுதி; வீட்டைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்துக்கு வண்ணம் பூசிய கைப்பிடிச் சட்டம். பிரிஸ்பேன் மருத்துவர் ஜெஃபரிஸ் டர்னர், அங்குள்ள குழந்தைகளிடம் காரீய நஞ்சின் அறிகுறிகளைக் கண்டு 1892இல் அறிவித்தார். வண்ணம் பூசும் தொழிலாளிக்கு வரும் நோய், விளையாடும் குழந்தைக்கு எப்படி வந்தது?

விடை கூறியவர் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன். பார்வை குன்றிய குழந்தைகளைப் பார்த்து வந்த அவர், வீட்டு வண்ணமே காரணம் என்று 1904இல் எழுதினார். வெயிலில் வெந்த வண்ணம் மாவாக உதிர்கிறது. சட்டத்தைப் பிடித்து விளையாடும் குழந்தையின் ஈரக் கையில் ஒட்டுகிறது. கை வாய்க்குப் போகிறது. விரல் சூப்பும், நகம் கடிக்கும் பிள்ளைகள் எளிதில் இரையானார்கள். குழந்தைக்குக் கை எட்டும் இடங்களில் காரீய வண்ணம் கூடாது என்று குவீன்ஸ்லாந்து 1922இல் சட்டம் செய்தது. வீட்டின் உட்புறத்தில் காரீய வெள்ளையைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1921இல் உருவானது.

அமெரிக்காவோ, வீட்டு வண்ணத்தில் காரீயத்தை 1978இல்தான் தடைசெய்தது. கிப்சன் எழுதி 74 ஆண்டுகள் கழித்து! பிராங்க்ளினின் வருத்தம் பொய்க்கவில்லை.

சுரண்டும்போது எழும் தூசி

இதற்கிடையே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் நீரில் கரையும் வண்ணங்கள் கடைக்கு வந்தன. காரீயத்தின் இடத்தை டைட்டானியம் வெள்ளை பிடித்தது. பூசுவது எளிதானதால் வீட்டுக்காரர் தாமே தூரிகை எடுத்தார். இளவேனில் விடுமுறை, வண்ணம் பூசும் விடுமுறையாயிற்று.

புது வண்ணம் தீங்கற்றதுதான். ஆனால் அதைப் பூசுமுன் பழையதைச் சுரண்ட வேண்டுமே! ஐம்பது ஆண்டுகளாகச் சன்னலில் உறங்கிய காரீயம், உப்புத்தாள் பட்டதும் நுண்தூசியாகி வீடெங்கும் பரவியது. சன்னலைத் திறந்து மூடினாலும் உராய்வில் தூசி எழுந்தது. குழந்தையின் உடல் காரீயத்தைக் கால்சியம் என்று மயங்கி ஏற்று, எலும்பில் சேர்த்துவைக்கிறது. மூளையின் வளர்ச்சி குன்றுகிறது. தீங்கு செய்யாத அளவு என்று காரீயத்துக்கு எதுவும் இல்லை என உலக நல நிறுவனம் கூறுகிறது. பழைய வீடுகளில் கூலிக்குப் பழுதுபார்ப்போர் இத்தூசியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற அமெரிக்க விதி 2010இல் நடைமுறைக்கு வந்தது.

இது அயல்நாட்டுக் கதை மட்டும் அன்று. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவுகளும் சன்னல்களும் நம் வீடுகளில் இருக்கின்றன.

மார்கழியின் கடைசி வாரத்தில் நாமும் ஏணியை எடுக்கிறோம். சுண்ணாம்புச் சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பழைய எண்ணெய் வண்ணம் பூசிய கதவைத் தேய்ப்பதானால், உலரத் தேய்க்காமல் நீர் தெளித்துத் தேய்யுங்கள். மூக்கையும் வாயையும் நல்ல முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் விலகியிருக்கச் சொல்லுங்கள். தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கழித்துப்போட்ட வண்ணக் கதவைப் போகித் தீயில் இடவே வேண்டாம். அதன் புகையிலும் சாம்பலிலும் காரீயம் இருக்கும்.

பிரிஸ்பேன் குழந்தைகள் சொன்ன உண்மை நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. நம் வீட்டு வாசலை அது எட்டுவதற்கு இன்னொரு பொங்கல் வரை காத்திருப்பானேன்?