செவிலியப் பணி முனைவர் பட்டம் (டி.என்.பி.)

நோயாளியை நேரில் கவனிக்கும் பணியையும், அந்தப் பணி நடக்கும் வார்டையும் மருத்துவமனையையும் மேம்படுத்தும் திறனையும் மையமாகக் கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் செவிலியருக்கு வழங்கும் உச்சநிலைப் பட்டம். முழுப்பெயர் டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்; டி.என்.பி. என்ற சுருக்கமே புழக்கத்தில் உள்ளது. பிஎச்.டி. பட்டம் புதிய அறிவைத் தேடுவோருக்கானது. ஆய்வில் ஏற்கெனவே உறுதிப்பட்ட அறிவு ஏன் இன்னும் நோயாளியின் படுக்கைவரை வந்து சேரவில்லை என்று பார்த்து, அதைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கானது டி.என்.பி. இந்தப் பெயரில் முதல் படிப்பு 2001இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆனால் பட்டத்தின் வேர் ஒரு நூற்றாண்டு பின்னே போகிறது.

முன்கதை

அமெரிக்காவில் செவிலியர் பயிற்சி நெடுங்காலம் மருத்துவமனைகளின் கையில்தான் இருந்தது. பயிற்சி மாணவிகள் வார்டில் சம்பளமில்லா உழைப்பாளிகளாக இருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் கதவு அவர்களுக்கு முதலில் திறந்தது ஆசிரியர் பயிற்சி வழியாகத்தான். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் கல்லூரி 1899இல் செவிலியருக்கென்று மருத்துவமனை நிர்வாகப் பாடம் ஒன்றைத் தொடங்கியது. 1907இல் அதே கல்லூரியில் அடிலெய்ட் நட்டிங் பேராசிரியரானார்; உலகில் அந்தப் பதவியைப் பெற்ற முதல் செவிலியர் அவர். 1920களில் செவிலியருக்கான முனைவர் படிப்பு அங்கே உருவானபோது அது கல்வியியல் பட்டமாகவே இருந்தது. செவிலியப் பள்ளியை நடத்தவும் அதில் கற்பிக்கவும் ஆள் தேவைப்பட்டதால் வந்த பட்டம் அது. நோயாளியைப் பார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

1934இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் 1954இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் செவிலியருக்கு பிஎச்.டி. படிப்புகளைத் தொடங்கின. 1962 முதல் மத்திய அரசே நிதி கொடுத்து, உடலியல், சமூகவியல், மானிடவியல் போன்ற துறைகளில் செவிலியர் முனைவர் பட்டம் பெற உதவியது. பிற துறைகளில் பட்டம் பெற்று வந்தவர்களே பின்னர் செவிலியத்துக்கென்று தனி ஆய்வு மரபை உருவாக்கினார்கள்.

பணியையே மையமாக வைத்த முதல் முயற்சி பாஸ்டன் பல்கலைக்கழகத்தினுடையது. 1960இல் அது செவிலிய அறிவியல் டாக்டர் பட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் நல்ல நோக்கம்தான், நிலைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வும் ஆய்வு நிதியும் ஆய்வேட்டை வைத்தே அளக்கப்பட்டன. ஆகவே பேராசிரியர்கள் மாணவர்களிடமும் ஆய்வேட்டையே கேட்டார்கள். இதே பெயரில் வந்த மற்றப் படிப்புகளும் மெல்ல மெல்ல பிஎச்.டி.யின் சாயலைப் பெற்றன. கடைசியில் அவற்றில் பல பெயரையும் பிஎச்.டி. என்றே மாற்றிக்கொண்டன. டி.என்.பி.யின் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பணிக்கென்று ஒரு பட்டத்தைத் தொடங்குவதைக் காட்டிலும் அதைப் பணிக்கே உரியதாகக் காப்பாற்றுவது கடினம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டாவது முயற்சி வேறு வகை. கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் செவிலியக் கல்லூரித் தலைவராக 1960 முதல் 1972 வரை இருந்த ரோசெல்லா ஷ்லாட்ஃபெல்ட், மருத்துவக் கல்வியைப் போலவே செவிலியக் கல்வியும் இருக்க வேண்டும் என்று வாதிட்டவர். வேறு துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர் நேராகச் சேர்ந்து, டாக்டர் ஆஃப் நர்சிங் பட்டத்தோடு செவிலியராக வெளியே வரலாம் என்பது அவர் திட்டம். 1979இல் அந்தப் படிப்பு தொடங்கியது. ரஷ், கொலராடோ, தென் கரோலினா பல்கலைக்கழகங்கள் பின்தொடர்ந்தன. அதற்கு மேல் பரவவில்லை. டாக்டர் பட்டத்தோடு வந்தவரும் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்து வந்தவரும் ஒரே உரிமத் தேர்வை எழுதி, ஒரே வார்டில் ஒரே வேலையைச் செய்தார்கள். அப்படியிருக்க, நீண்ட படிப்புக்குச் செலவழிக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

மாற்றத்துக்குக் காரணமானவை

இதற்கிடையே செவிலியரின் பணியே மாறியிருந்தது. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து, கிராமப்புறக் குழந்தைகளைப் பரிசோதித்துப் பராமரிக்கச் செவிலியரைப் பழக்கினார்கள். நோயறிந்து, மருந்து எழுதித் தரும் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பிரிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. முதலில் சில மாதச் சான்றிதழ்ப் பயிற்சியாக இருந்தது, 1990களுக்குள் முதுநிலைப் பட்டமாகிவிட்டது. அந்த முதுநிலைப் படிப்பில் பாடச்சுமை ஏறிக்கொண்டே போனது. மருந்தியல், நோய்க்குறியியல், உடல் பரிசோதனை, நூற்றுக்கணக்கான மணிநேர மருத்துவமனைப் பயிற்சி என்று, வேறு துறைகளில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் அளவு பாடத்தைப் படித்துவிட்டு முதுநிலைப் பட்டத்தோடு வெளியேறினார்கள். மருந்தாளுநர் கல்வியும் இயன்முறை சிகிச்சைக் கல்வியும் அதே காலத்தில் டாக்டர் பட்டத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தன.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கொலம்பியா செவிலியப் பள்ளித் தலைவர் மேரி மண்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் மற்றவர்களை மருத்துவர்களிடமும் அனுப்பிப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து நோயாளிகளின் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முதல்நிலைப் பராமரிப்பை மட்டுமே பற்றிய முடிவு அது; அதை மீறிப் பொருள் கொள்வது தவறு. ஆனாலும் செவிலியத் தலைவர்களுக்கு அது பெரிய ஊக்கம் தந்தது.

அதைவிட ஆழமாகத் தைத்தது அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 1999ஆம் ஆண்டு அறிக்கை. மருத்துவமனைகளில் நடக்கும் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. தனி மனிதரின் அலட்சியத்தைவிட, பணி நடக்கும் அமைப்பின் கோளாறே முதன்மைக் காரணம் என்றது. அமைப்பைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் வார்டுக்குள்ளேயே வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. என் பார்வையில் டி.என்.பி.யின் உண்மையான நியாயம் இங்கேதான் இருக்கிறது. மற்றத் தொழில்கள் டாக்டர் பட்டம் தருகின்றன, நாமும் தருவோம் என்ற வாதத்தில் இல்லை.

பட்டம் உருவான விதம்

2001இல் கென்டக்கிப் பல்கலைக்கழகம், கல்லூரித் தலைவர் கேரலின் வில்லியம்ஸின் முயற்சியில், டி.என்.பி. படிப்பைத் தொடங்கியது. அது பணித்தலைமைக்கு அழுத்தம் கொடுத்தது. கொலம்பியா தொடங்கிய படிப்போ நோயாளியை முழுப்பொறுப்பில் கவனிக்கும் திறனுக்கு அழுத்தம் கொடுத்தது. ஒரே பட்டத்துக்குள் இந்த இரு நோக்கங்களும் இன்றுவரை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

2004 அக்டோபரில் அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகளின் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி, உயர்நிலைச் செவிலியப் பணிக்கான கல்வி 2015ஆம் ஆண்டுக்குள் முதுநிலையிலிருந்து டாக்டர் நிலைக்கு நகர வேண்டும் என்று தீர்மானித்தது. உயர்நிலைச் செவிலியர் என்றால் நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்துச் செவிலியர், மகப்பேறு செவிலியர், சிறப்புச் செவிலியர் ஆகிய நான்கு பிரிவினர். அடுத்த ஆண்டு தேசிய ஆய்வுக் கழகமும் ஆய்வு சாராத பணி முனைவர் பட்டத்தைப் பரிந்துரைத்தது. 2006இல் சங்கம் எட்டு அடிப்படைக் கூறுகளைக் கொண்ட பாடநெறி ஆவணத்தை வெளியிட்டது. இளநிலைக்குப் பிறகு குறைந்தது 1,000 மணிநேரப் பணிப்பயிற்சி வேண்டும் என்ற வரையறையும் அதில்தான் வந்தது. 2021இல் அந்த ஆவணத்தின் இடத்தில் பத்துப் புலங்களைக் கொண்ட புதிய ஆவணம் வந்தது.

படிப்பும் திட்டப்பணியும்

இளநிலைப் பட்டத்தோடு சேர்பவருக்கு முழுநேரமாக மூன்று முதல் நான்கு ஆண்டுகள், முதுநிலை முடித்தவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். பெரும்பாலோர் வேலையில் இருந்துகொண்டே படிக்கிறார்கள். இணையவழி வகுப்புகள் அதிகம். புள்ளியியல், நோய்ப்பரவலியல், சுகாதாரக் கொள்கை, தகவல் தொழில்நுட்பம், மருத்துவமனை நிதி ஆகியவை பாடங்கள்.

பட்டத்தின் உயிர்நாடி டி.என்.பி. திட்டப்பணி. ஆய்வேட்டின் இடத்தில் இருப்பது இது. வழக்கமான திட்டம் ஒன்றைப் பார்க்கலாம். அறுவைசிகிச்சை வார்டில் நோயாளிகளுக்குச் சிறுநீர்க் குழாய் போடுகிறார்கள். தேவை முடிந்த பிறகும் அதை எடுக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வரும் வாய்ப்பு கூடும். இதைத் தடுக்கும் வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வழிகாட்டு நெறிகள் ஏற்கெனவே இருக்கின்றன. மாணவர் செய்ய வேண்டியது, முந்தைய மாதங்களில் குழாய் எத்தனை நாள் இருந்தது, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று பதிவேட்டிலிருந்து எடுப்பது. பிறகு காலை ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு படுக்கையிலும் இந்தக் குழாய் இன்றைக்கும் வேண்டுமா என்று கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவருவது. மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் செவிலியரே குழாயை எடுக்கலாம் என்ற அனுமதியை நிர்வாகத்திடம் பெறுவது. இந்தக் கடைசி வேலைதான் கடினம். அறுவைசிகிச்சை நிபுணர்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பேச வேண்டும், மறுப்பவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் செவிலியருக்கும் பழக்கம் வரும்வரை விடாமல் போய் வர வேண்டும். சில வாரம் செய்து, வரைபடத்தில் போட்டு, எங்கே சறுக்கியது என்று பார்த்து, மாற்றி மறுபடி செய்ய வேண்டும்.

முடிவில் வார்டில் உள்ள அத்தனை பேரின் கையும் மாறியிருந்தால் அது டாக்டர் பட்டத்துக்கு முழுத் தகுதியுள்ள வேலை. ஆனால் சில படிப்புகளில் ஒரு மணிநேரப் பயிற்சி வகுப்பு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வினாத்தாள் என்று திட்டப்பணி சுருங்கிவிடுகிறது. மாணவர் போன பிறகு வார்டு பழையபடியே நடக்கிறது. டி.என்.பி.யின் மதிப்பைக் குறைப்பது வெளியிலிருந்து வரும் விமர்சனத்தைவிட இதுதான்.

எதிர்ப்புகள்

முதல் எதிர்ப்பு செவிலியத்துக்குள்ளிருந்தே வந்தது. 2005இல் அஃபாஃப் மெலெய்ஸ், கேத்லீன் டிராகப் ஆகிய இரு மூத்த செவிலியப் பேராசிரியர்கள் பட்டத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதினார்கள். ஆய்வையும் பணியையும் இரண்டாகப் பிளந்துவிடும், ஆய்வுக்கு வருவோர் குறைவார்கள், பல்கலைக்கழகத்தில் செவிலியத்தின் இடம் தாழும் என்பன அவர்கள் அச்சங்கள். அவர்கள் சொன்னதில் ஒரு பகுதி பலித்துவிட்டது. 2006இல் இருபது அளவில் இருந்த டி.என்.பி. படிப்புகள் பின்னர் நானூறைத் தாண்டின. 2020களின் தொடக்கத்தில் 40,000க்கு மேற்பட்டோர் படித்தார்கள். அதே காலத்தில் செவிலிய பிஎச்.டி. மாணவர் எண்ணிக்கை 5,000க்குக் கீழே இறங்கியது. நாளைய டி.என்.பி. மாணவர் எந்த ஆய்வை வார்டுக்குக் கொண்டுபோவார் என்ற கேள்விக்கு இந்தச் சரிவு நல்ல பதில் தரவில்லை.

மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பு வேறு. மருத்துவர் ஒருவர் 12,000 முதல் 16,000 மணிநேரம் வரை நோயாளிகளிடையே பயிற்சி பெறுகிறார், 1,000 மணிநேரம் அதற்கு ஈடாகாது என்கிறது அமெரிக்க மருத்துவர் சங்கம். கணக்கு சரிதான், ஆனால் டி.என்.பி. சேருவோர் பலர் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் செவிலியராக வேலை பார்த்தவர்கள் என்பதை அது சேர்க்கவில்லை. இந்தச் சர்ச்சையைத் தேர்வு மூலம் தீர்க்கும் முயற்சியும் நடந்தது. மருத்துவர் உரிமத் தேர்வின் மூன்றாம் கட்டத்தை ஒட்டி அமைந்த தேர்வு ஒன்று 2008இல் டி.என்.பி. பட்டதாரிகளுக்கு வைக்கப்பட்டது. எழுதியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரே தேறினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. நோயாளியிடம் டாக்டர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளலாமா என்பதிலும் மாநிலச் சட்டங்கள் வேறுபடுகின்றன. சில மாநிலங்கள் தடுக்கின்றன, சில, தாம் செவிலியர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அனுமதிக்கின்றன.

பலர் தவறாக எண்ணும் ஒன்று உண்டு. டி.என்.பி. பெற்றதால் செவிலியரின் சட்ட அதிகாரம் கூடுவதில்லை. மருத்துவர் மேற்பார்வையின்றி நர்ஸ் பிராக்டிஷனர் பணியாற்ற அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அனுமதிக்கின்றன. அந்த உரிமை முதுநிலைப் பட்டம் பெற்றவருக்கும் டாக்டர் பட்டம் பெற்றவருக்கும் ஒன்றே. இருவரும் எழுதும் தகுதித் தேர்வும் ஒன்றே. பல மருத்துவமனைகளில் சம்பளமும் ஒன்றே.

தவறிப்போன கெடு

2015 கெடு நிறைவேறவில்லை. செவிலியக் கல்லூரிகளின் சங்கத்துக்காக ராண்ட் நிறுவனம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரிகள் பட்டத்தை மதித்தாலும் செலவு, பயிற்சி இடம், ஆசிரியர் பற்றாக்குறை ஆகியவை தடுப்பதைக் காட்டியது. முதுநிலைப் படிப்பை மூடினால் பக்கத்துக் கல்லூரி மாணவர்களை இழுத்துக்கொள்ளும் என்ற பயமும் கல்லூரிகளுக்கு இருந்தது.

மயக்க மருந்துச் செவிலியர் பிரிவு மட்டும் சொன்னதைச் செய்தது. 2022 ஜனவரி முதல் புதிதாகச் சேருவோர் அனைவரும் டாக்டர் நிலைப் படிப்பிலேயே சேர வேண்டும் என்று அதன் அங்கீகாரக் குழு விதித்தது. நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர் அமைப்பு 2018இல் தனக்கு 2025 என்று கெடு வைத்தது; ஆனால் முதுநிலைப் படிப்புகள் தொடர்கின்றன. சிறப்புச் செவிலியர் அமைப்பின் இலக்கு 2030. மகப்பேறு செவிலியர் அமைப்பு இதைக் கட்டாயமாக்க ஒப்பவில்லை. முதுநிலைப் பட்டத்தோடே நன்றாகப் பிரசவம் பார்க்கிறோம் என்ற அவர்களின் நிலைப்பாட்டுக்கு இதுவரை வலுவான மறுப்பு வரவில்லை.

பிற நாடுகளில்

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தொழில்சார் முனைவர் பட்டம் 1990களிலிருந்தே உண்டு. அங்கே ஆய்வேடு கட்டாயம். ஆய்வுக் கேள்வி மட்டும் மாணவரின் பணியிடத்திலிருந்து எழ வேண்டும். அமெரிக்க டி.என்.பி.க்கு அது நேர் இணை ஆகாது.

இந்தியாவில் 1946இல் டெல்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலிய இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. வேலூர்ப் படிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. முனைவர் நிலையில் இந்திய நர்சிங் கவுன்சில் முன்னெடுத்தது பிஎச்.டி.யைத்தான், 2006இல் பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தேசியக் கூட்டமைப்பு ஒன்றை அது அமைத்தது. கவுன்சில் வகுத்த படிப்புகளில் டி.என்.பி. இல்லை. பணியை மையமாகக் கொண்ட உயர்படிப்பு என்றால், தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைச் சொல்லலாம். அது இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. மாணவர் பெரும்பகுதி நேரத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கழிக்கும்படி வகுக்கப்பட்டது.