மியான்மர்: உரிமைப் பறிப்பும் பொருளாதாரச் சரிவும்

மியான்மரில் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி, ராணுவத் தலைமைத் தளபதி மின் ஆங் ஹ்லைங் ஆட்சியைக் கைப்பற்றினார். தேர்தலில் வென்ற கட்சியின் தலைவர் ஆங் சான் சூகி கைது செய்யப்பட்டார். பல்வேறு வழக்குகளில் அவருக்கு விதிக்கப்பட்ட 33 ஆண்டு சிறைத் தண்டனை, 2023-இல் 27 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

மக்கள் போராட்டங்களை ராணுவம் ஒடுக்கியதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. 30 லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்துள்ளதாக ஐ.நா. தெரிவித்தது. சின் மாநிலத்தைச் சேர்ந்த பல்லாயிரம் பேர் எல்லை கடந்து மிசோரமில் தஞ்சமடைந்தனர்.

2021 செப்டம்பருடன் முடிந்த நிதியாண்டில் அந்நாட்டின் பொருளாதாரம் 18 சதவீதம் சுருங்கியதாக உலக வங்கி மதிப்பிட்டது. டெலிநார், டோட்டல்எனர்ஜிஸ் ஆகிய நிறுவனங்கள் 2022-இல் வெளியேறின. அதே ஆண்டு அக்டோபரில், சர்வதேச நிதி நடவடிக்கைப் பணிக்குழு மியான்மரைக் கருப்புப் பட்டியலில் சேர்த்தது.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. இதன்படி 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களும், 18 முதல் 27 வயது வரையிலான பெண்களும் 2 ஆண்டுகள் வரை பணியாற்ற வேண்டும். இதற்கு அஞ்சி இளைஞர்கள் தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்குச் சென்றதால், தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதே ஆண்டு மே மாதம், ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குச் செல்வதற்கான அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது.

வெளிநாடுகளில் பணிபுரிவோர் ஊதியத்தில் 25 சதவீதத்தை அதிகாரபூர்வ வழியில் அனுப்ப வேண்டும் என்ற விதியும் உள்ளது. வெளிச்சந்தையைவிடக் குறைந்த மாற்று விகிதமே இதற்குக் கிடைப்பதால், இழப்பு தொழிலாளர் குடும்பங்களையே சேர்கிறது.

முதலீடும் உழைக்கும் கரங்களும் ஒருசேர வெளியேறும் நிலையில், மனித உரிமைகள் மீட்கப்படாமல் பொருளாதாரம் மீள்வது கடினம்.