கடல்வாழ் உயிர்களின் இரசாயனத் தொடர்பு

இரையைக் கண்டறிதல், பகையை விலக்குதல், துணையை அழைத்தல், குடியேறத் தக்க இடத்தைத் தேர்தல் ஆகிய காரியங்களைக் கடல்வாழ் உயிர்கள் தாம் உண்டாக்கியோ பிற உயிர்களிடமிருந்து பெற்றோ வெளியிடும் வஸ்துக்களின் துணைகொண்டு நடத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் துறை, கடல் இரசாயனச் சூழலியல் எனப்படும். சூரிய ஒளி மேல்நீரிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுவதாலும், கடற்பஞ்சு, பவளம், கொட்டலசு போன்றவை வளர்ந்தபின் இருந்த இடம் விட்டுப் பெயர இயலாதவை ஆதலாலும், கண்ணும் காலும் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கு இங்கே இரசாயனங்களின் பொறுப்பாகிறது. நிலத்தில் ஒரு வஸ்து மணமாகப் பரவ வேண்டுமானால் அது ஆவியாதல் வேண்டும். நீரிலோ கரைந்தால் போதும். ஆகவே நம் நாசிக்குச் சற்றும் புலனாகாத அமினோ அமிலங்களும் புரதத் துணுக்குகளுங்கூட மீனுக்கும் நண்டுக்கும் மணமாக விளங்குகின்றன. கரையாத வஸ்துக்களும் வீணாவதில்லை. தொட்டறிவோருக்கு அவை செய்தியாகின்றன.

இத்துறையின் தோற்றத்தில் ஹவாய்த் தீவுகளுக்குச் சிறப்பிடம் உண்டு. பில்லிடியா என்னும் ஓடற்ற கடல்நத்தை, ஒளிந்துகொள்ளும் சுபாவமின்றிப் பட்டப்பகலில் பளிச்சென்ற வர்ணங்களுடன் பாறைமேல் ஊர்ந்து திரிந்தும் மீன்களுக்கு இரையாகாதிருப்பதன் காரணத்தைத் தேடிய இராபர்ட் ஜொஹானஸ், அது கடும் மணமுள்ள விஷத்தைச் சுரக்கிறதென்று 1963-இல் எழுதினார். பால் ஷோயர் குழுவினர் 1975-இல் அவ்விஷத்தின் அமைப்பைத் தெளிவுபடுத்தி, ஓவாஹூ தீவின் புபுகேயா என்னும் கடற்கரையின் பெயரை அதற்குச் சூட்டியபோது, மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது: விஷம் நத்தையினுடையதன்று, அது மேய்ந்த கடற்பஞ்சினுடையது. பிறர் உண்ணாதபடி பஞ்சு சேமித்துவைத்த ஆயுதத்தை, உண்ணத் தெரிந்த நத்தை தன் தோலில் அணிந்துகொண்டுவிட்டது.

விஷத்தைக் கடன் வாங்குவதோடு நில்லாது, விஷம் உடையவனையே சிறைபிடித்துச் சுமக்கும் உயிரும் உண்டு. அந்தாட்டிக்காவின் மக்மர்டோ கடற்பகுதியில் வாழும் ஹைப்பரியெல்லா என்னும் சிறு ஓட்டுடலி, சிறகுபோன்ற மடிப்புகளால் நீந்தும் கிளியோன் என்ற நத்தையைப் பிடித்துத் தன் முதுகில் வைத்துக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு திரிவதை மக்லின்டாக்கும் ஜான்சனும் 1990-இல் விவரித்தனர். நத்தையின் உடலில் மீன்கள் வெறுத்து உமிழும் வஸ்து ஒன்று இருப்பதால், அதைச் சுமந்த ஓட்டுடலியை மீன்கள் தின்பதில்லை. தனியே அகப்பட்டதைத் தயங்காமல் விழுங்குகின்றன. சிறைப்பட்ட நத்தை உணவு கொள்ள வழியின்றிக் கிடப்பதை நோக்கினால், இதனை நட்புறவு என்று வகைப்படுத்த எவருக்கும் மனம் வராது.

தற்காப்பு எப்போதும் விஷமாகவே இருக்க வேண்டுவதில்லை. சிங்கி இறாலிடம் அகப்பட்ட கடல்முயல் பீய்ச்சும் மையிலும் பிசினிலும் உணவுக்குரிய அமினோ அமிலங்களே மிகுந்திருப்பதால், இறால் இரையை விட்டுவிட்டு அந்த மேகத்தைப் பற்றித் தின்ன முயல்வதும், அதன் உணர்கொம்புகள் பிசின் பூசப்பட்டு மந்தமாவதும் காணப்பட்டிருக்கின்றன.

ஒரு வஸ்துவின் பொருள் அதை வெளியிடும் உயிரால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதே இத்துறையின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெளிவாகும் உண்மை. ஒருவருக்கென எழுதிய கடிதத்தை வழியிலுள்ளோரெல்லாம் படித்துத் தத்தம் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது போன்ற நிலை அது. பேத்தை மீனின் கொடிய விஷமாகிய டெட்ரோடோடாக்சின், ஜப்பானியச் சிற்றினம் ஒன்றில் முட்டையிடும் பெண்ணிடமிருந்து கசிந்து ஆண்களை ஈர்க்கிறதென்று மட்சுமுரா 1995-இல் காட்டினார். மன்னார் வளைகுடாவிலிருந்து உலர்த்தி ஏற்றுமதி செய்யப்பட்டு, 2001 முதல் இந்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள கடலட்டைகளின் இனத்தில், மீன்களைக் கொல்லவல்ல சாப்பொனின் வஸ்துக்கள் உண்டு. அட்டையின் மேல் குடியிருக்கும் சிறு நண்டு ஒன்று அந்த வஸ்துக்களையே அடையாளமாகக் கொண்டு தன் அட்டையை நாடிச் செல்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலுள்ள கடற்சாமந்தி ஒன்று, காயம்பட்டதும் ஆந்தோப்ளூரின் என்னும் வஸ்துவை நீரில் விடவே, அக்கம்பக்கத்துச் சாமந்திகள் தம் கைகளைச் சுருக்கிக்கொள்கின்றன. அதைத் தின்ற கடல்நத்தையின் உடலிலும் அந்த அபாயக்குறி தங்கிவிடுவதால், செல்லுமிடமெல்லாம் தன் வருகையைத் தானே பறைசாற்றிச் செல்வது அந்த நத்தையின் விதியாகிறது.

இதன் வீச்சு கடற்பரப்புக்கு மேலும் எட்டுகிறது. எமிலியானியா போன்ற நுண்பாசிகளை நுண்விலங்குகள் மேயும்போது, உயிரணு உடைந்து, உள்ளிருந்த கந்தகச் சேர்மம் நொதியால் பிளவுபட்டு, மேய்வோரை விலக்கும் அக்ரிலேட்டையும், கடற்கரைக்கே உரிய மணத்துக்குப் பங்களிக்கும் டைமெத்தில் சல்பைடையும் தருகிறது. அம்மணத்தைப் பின்பற்றியே பெட்ரல் இனக் கடற்பறவைகள் சில இரைவளமுள்ள நீரை அடைகின்றன என்று நெவிட் 1995-இல் நிறுவினார். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கும் பாசி படிந்து அதே மணத்தை வீசுவதை 2016-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்த மணத்தை நாடும் பறவையினங்களே பிளாஸ்டிக்கை மிகுதியாக விழுங்குகின்றன.

இனப்பெருக்கத்தில் இத்தகைய வஸ்துக்களின் பங்கு நன்கறிந்ததே. பழுப்புப் பாசிகளின் பெண் உயிரணுக்கள் ஆண் அணுக்களைக் கவர்வதும், கடல் முள்ளெலியின் முட்டையிலிருந்து கசியும் சிறு புரதத் துணுக்கு விந்தணுக்களின் திசையைத் திருப்புவதும் இதற்குப் போதிய சான்று. உதவிக்கு அழைப்பதும் உண்டு. பிஜித் தீவின் பவளத்திட்டுக்களில் விஷப்பாசி உராய்ந்ததும் பவளம் வெளியிடும் வஸ்து, அதன் கிளைகளிடையே வாழும் சிறு மீன்களைச் சில நிமிஷங்களில் வரவழைக்கிறதென்றும், அவை பாசியைக் கத்தரித்து அகற்றுகின்றன என்றும், அவற்றுள் ஓரினம் பாசியைத் தின்று தன் விஷத்தையும் பெருக்கிக்கொள்கிறதென்றும் 2012-இல் டிக்சனும் ஹேயும் அறிவித்தனர்.

மனிதனின் கைப்பொருளோடு இவ்விஷயம் நேரே மோதுவது கப்பலின் அடிப்பாகத்தில். கொட்டலசின் இளம்பருவம் தன் இனத்தார் முன்பே ஒட்டியுள்ள இடத்தில் விரும்பிக் குடியேறுவதை நைட்-ஜோன்ஸ் 1953-இல் விளக்கினார். பெரியவற்றின் உடலிலுள்ள புரதத்தைத் தொட்டறிந்தே அது அவ்விடத்தைத் தெரிந்துகொள்கிறது என்பது பின்னர்ப் புலனாயிற்று. இவ்வாறு கூட்டங்கூட்டமாக ஒட்டி வேகத்தைக் குறைப்பவற்றைத் தடுக்கப் பூசப்பட்ட டிரைபியூட்டைல் தகரச் சாயம் சிப்பிகளையும் நத்தைகளையும் கெடுத்தமையால், அதை விலக்கும் சர்வதேச உடன்படிக்கை 2008-இல் அமலுக்கு வந்தது. ஆஸ்திரேலியக் கரையில் வளரும் டெலிசியா என்னும் செம்பாசி, பாக்டீரியாக்கள் தம்முள் பரிமாறும் சமிக்ஞைகளைக் குலைக்கும் பியூரனோன் வஸ்துக்களால் தன் மேற்பரப்பைச் சுத்தமாக வைத்திருக்கிறது. அவற்றை மாதிரியாகக் கொண்டு, ஒட்டவரும் உயிரைக் கொல்லாமல் விலக்கும் பூச்சுக்களைத் தேடும் முயற்சிகள் நடந்துவருகின்றன.