நிப்பா நோய் முடிந்த ஆண்டு யாது?

1998 செப்டம்பரில் தொடங்கி 1999 மே மாதத்தில் முடிந்தது என நிப்பா மூளைக்காய்ச்சலை ஒரே வரியில் எழுதிவிடுவர். மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. வகுப்பில் யானும் அவ்வாறே கற்பித்தவன். தொடக்கத்தை மறுப்பதற்கில்லை, முடிவுதான் ஆராயத்தக்கது.

ஈப்போவுக்கருகில் முதல் நோயாளிகள் தோன்றியபோது, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினர். கொசுவுக்குப் புகை அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். ஆயின் ஜப்பானிய நோய் பெரும்பாலும் சிறாரையே பற்றும். இதுவோ பன்றியோடு பழகிய வயதுவந்த ஆண்களைப் பற்றியது. தடுப்பூசி போட்டவரும் வீழ்ந்தனர். பன்றிகளும் தொலைவில் கேட்கும்படி இருமி மடிந்தன. ஜப்பானிய நோயில் பன்றி அவ்வாறு இருமுவதில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவிய பின், 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கம்பத்து நோயாளி ஒருவரிடமிருந்து புதிய வைரசைப் பிரித்தெடுத்தார். கம்பத்தின் பெயரே வைரசுக்கும் ஆயிற்று. அதன் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர்த் தெளிந்தது.

நிற்க. பிழைத்தோர் என்னவாயினர்? மருத்துவர் டான் சோங் டின் முதலானோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவருள் 12 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழரைப் பேருக்கு, மூளையழற்சி திரும்பவும் வந்தது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. தொற்றியபோது மூளை தாக்கப்படாதவர், நோய்க்குறியே காணாதவர் ஆகியோருள்ளும் 10 பேருக்குப் பின்னாளில் அது தோன்றிற்று. இடைவெளி சராசரியாக எட்டு மாதத்துக்குச் சற்று மேல். இந்த 22 பேருள் நால்வர் இறந்தனர். இருவருடைய உடலை ஆய்ந்தபோது மூளையில் நிப்பாவின் புரதச் சுவடுகள் இருந்தன. பன்றிகளோ முன்பே அழிக்கப்பட்டுவிட்டன. புதிதாகத் தொற்றியதன்று, உள்ளேயே பதுங்கியிருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

அழற்சி திரும்பாதவருள்ளும் சிலர்க்கு மறதியும் மனச்சோர்வும் குணமாற்றமும் தங்கிவிட்டன. இறந்தோரை எண்ணிய அளவுக்கு இவர்களை எவரும் எண்ணவில்லை என்பது என் எண்ணம்.

அன்று தொற்றுண்ட ஒருவருக்குப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னர் மூளையழற்சி கண்டதாக 2012இல் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. அதைப் படித்த பிறகு என் வகுப்புக் குறிப்பில் 1999 என்னும் முடிவாண்டை அடித்துவிட்டேன். அதனிடத்தில் வேறோர் ஆண்டை இன்னும் எழுதவில்லை.