தும்மலுக்கும் ஒரு வரலாறு உண்டு



விடியற்காலையில் அடுப்பு மூட்டும் தாய்மார்களுக்குப் பழக்கமான சத்தம் ஒன்று உண்டு. படுக்கையை விட்டு எழுந்ததும் பிள்ளை அடுக்கடுக்காகத் தும்முவான். மூக்கைப் புறங்கையால் தேய்ப்பான், கண்ணைக் கசக்குவான். “மழையில் நனைந்தான், சளி பிடித்துவிட்டது” என்று தைலம் தடவிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். வாரக்கணக்கில் நீங்காத அந்தத் தும்மல் உண்மையில் சளிதானா? இதற்கு விடை காண மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது.

1819ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், லண்டன் மருத்துவர்களின் சங்கத்தில் ஜான் பாஸ்டாக் என்பவர் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அந்த நோயாளிக்கு எட்டு வயது முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிறந்தால் கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், மூச்சு முட்டும். அந்த நோயாளி வேறு யாருமல்லர், பாஸ்டாக்கேதான். தம்மைப் போன்ற 28 பேரைத் தேடிக் கண்டு 1828இல் மீண்டும் எழுதினார். ஆனால், கோடை வெப்பமே காரணம் என்று அவர் தவறாகக் கருதினார். உலர்ந்த புல்லின் வாடைதான் காரணம் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி இந்த இரண்டையும் அப்படியே நம்பிவிடவில்லை. தமக்கும் அதே தொல்லை இருந்ததால் தம் உடம்பிலேயே சோதனை செய்தார். புல்லின் பூந்தாதுவை மூக்கில் இட்டுப் பார்த்தார். தோலைக் கீறித் தடவிப் பார்த்தார். கீறிய இடம் தடித்தது. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, ஒட்டிய தாதுக்களை நாள்தோறும் எண்ணினார். பட்டத்தில் கட்டி வானத்திலும் பறக்கவிட்டார். தாது மிகுந்த நாளில் தும்மலும் மிகுந்தது! 1873இல் இவற்றை நூலாக வெளியிட்டார்.

பூந்தாது நஞ்சல்லவே, ஒருவருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த பிர்கே, குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஊசியாகப் பெற்ற பிள்ளைகளைக் கவனித்தார். இரண்டாம் முறை ஊசி போட்டதும் சிலருக்கு உடம்பு வேகமாகத் தடித்துச் சிவந்தது. முதல் முறை வந்ததை உடம்பு நினைவில் வைத்துக்கொண்டு மாறிவிடுகிறது என்று உணர்ந்து, 1906இல் அதற்கு ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார். நாம் ஒவ்வாமை என்கிறோம். வீட்டுக்கு வந்த உறவினரைத் திருடன் என்றெண்ணிப் பாயும் காவல் நாயைப் போன்றது அது.

நம் நாட்டில் இங்கிலாந்தைப் போலப் புல் பூக்கும் கோடைக்காலம் இல்லையே என்று கேட்கலாம். 1964இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர்கள் வீட்டுத் தூசியில் ஒரு குற்றவாளியைப் பிடித்தார்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத தூசிப்பூச்சி அது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்துகளைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் பெருகும். மழையும் புழுக்கமும் நிறைந்த மலேசியாவில் அதற்கு ஆண்டு முழுவதும் அறுவடைதான். காலையில் தும்மல் மிகுவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? 1997, 2015ஆம் ஆண்டுகளில் வந்ததைப் போன்ற புகைமூட்டமும் இத்தகைய பிள்ளைகளை மேலும் வாட்டும்.

பெற்றோர்களே, சாதாரணச் சளி பெரும்பாலும் பத்து நாளில் அடங்கும், காய்ச்சலும் வரலாம். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது, மூக்கு நீராக ஒழுகும், அரிப்பு இருக்கும், திரும்பத் திரும்ப வரும். பிளாக்லி செய்ததை நீங்களும் செய்யலாம். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தும்மல் வந்த நாளைக் குறியுங்கள். வீடு கூட்டும்போதா, பூனையோடு விளையாடிய பிறகா, கொசுவத்திப் புகையிலா என்று எழுதுங்கள். கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டினால் அந்தக் குறிப்பு அவருக்குப் பெரிதும் உதவும்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சுடுநீரில் துவைத்து, நன்றாகக் காய வையுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளை இருக்குமிடத்தில் சிகரெட் வேண்டாம். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். சில மாத்திரைகள் பிள்ளையைத் தூங்கி வழியச் செய்யும். மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலும், மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலும், பேச முடியாமல் திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், முகம் திடீரென வீங்கினாலும் சம்பள நாளையோ விடியலையோ எதிர்பார்க்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பாஸ்டாக் எட்டு வயதில் பட்ட துன்பத்துக்குப் பெயர் சொல்ல அன்று யாரும் இல்லை. நம் பிள்ளைக்கு அந்த நிலை இல்லை. நாம் கவனித்தால் போதும்.