திரிசிரபுரம் என்னும் அடைமொழி

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைத் திருவாவடுதுறை ஆதீனப் புலவராகவே இலக்கிய வரலாறுகள் பெரிதும் காட்டுகின்றன. ஆதீனத் தொடர்பு நிலைபெற்றது அவர்தம் வாழ்வின் பிற்பகுதியிலேயாம். அவரைப் புலவராகவும் நல்லாசிரியராகவும் ஆக்கியது திருச்சிராப்பள்ளியில் கழிந்த முற்பகுதியே என்பது நம் கருத்து. இதனை அவர் பெயரைக் கொண்டே ஆராய்வாம்.

நூன்முகப்புக்களில் அவர் பெயர் 'திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை' என வழங்கும். பெயர் மதுரையைச் சுட்டுகின்றது. அடைமொழி திருச்சிராப்பள்ளியைச் சுட்டுகின்றது. முன்னது தந்தை இட்டது. பின்னது மகன் ஈட்டியது.

தந்தையார் சிதம்பரம் பிள்ளை, மதுரைத் திருக்கோயிலில் மீன் முத்திரைப் பணிக்குரிய மரபினர். அவர் மதுரையை விட்டு நீங்கித் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த எண்ணெயூர், அதவத்தூர், சோமரசம்பேட்டை ஆகிய ஊர்களில் வாழ்ந்தார். சிறுவர்க்குத் தமிழ் கற்பித்தார். 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் பிறந்த மகனுக்கு, விட்டு வந்த ஊரின் இறைவன் இறைவியர் திருப்பெயரையே சூட்டினார். வேற்றூரில் குடியேறியோர் தம் பழம்பதியை மக்கள் பெயரில் போற்றுதல் இயல்பே. முதலாசிரியராக இருந்து மகனுக்கு நூல்கள் பயிற்றியவரும் அவரே. குடும்பம் மகன்பால் வைத்த எதிர்பார்ப்பு கல்வியேயாம் என்பது இதனால் விளங்கும்.

மகனுக்கு வயது பதினைந்தளவில் தந்தையார் மறைந்தார். ஆசிரியரும் தந்தையும் ஒருவரேயாதலின், இழப்பும் இருமடங்காயிற்று. குடும்பப் பொறுப்பு இளந்தோளில் விழுந்தது. இந்நிலையில் கல்வியைக் கைவிடுவதே எளிய வழி. அவரோ திரிசிரபுரத்திற் குடியேறி, கற்றோர் எங்குளரோ அங்கெல்லாம் நாடிச் சென்றார். மலைக்கோட்டை மௌனமடத்து வேலாயுத முனிவர், முத்துவீரியம் இயற்றிய உறையூர் முத்துவீர வாத்தியார் முதலியோரிடம் ஐயம் அகற்றிக்கொண்டார். தண்டியலங்காரத்தை நன்கு கற்றிருந்த பரதேசி ஒருவர் பிச்சைக்குச் செல்லுங்கால் தெருத்தோறும் உடன் நடந்து, அவருக்கு வேண்டுவன வாங்கிக் கொடுத்து, அந்நூலைப் பாடங்கேட்ட செய்தி தமிழுலகம் நன்கறிந்தது. தந்தை ஒருவர் இருந்த இடத்தில் ஓர் ஊரே இருந்தது எனலாம்.

ஊர் தந்ததை அவர் பாட்டால் திருப்பித் தந்தார். திருச்சிராமலை யமகவந்தாதியும், திருவரங்கத் தீவின்கண் அமைந்த திருவானைக்காவின் அம்மைமீது பாடிய அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழும், உறையூர்ப் புராணமும் குடியேறி வந்தவர் மகன் இம்மண்ணைத் தன்னதாக்கிக்கொண்ட சான்றுகளாம்.

இனி நட்பினை நோக்குவாம். குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பணியாற்றி, 1857இல் தரங்கம்பாடி முன்சீப்பாகி, பின்னர் மாயூரத்தில் அப்பதவி வகித்தார். 1860ஆம் ஆண்டை ஒட்டி மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மாயூரத்திற் குடியேறினார். ஒருவர் கத்தோலிக்கர்; மற்றவர் சைவ ஒழுக்கத்தில் உறைத்து நின்றவர். ஒருவர் அரசு ஊதியம் பெற்றவர்; மற்றவர் வள்ளல்களின் ஆதரவில் வாழ்ந்தவர். இருவரும் திருச்சிராப்பள்ளிப் பகுதியை விட்டு வந்தவர்கள் என்பதும், தமிழுமே அவர்களைப் பிணித்தன. வேதநாயகம் பிள்ளையைத் தலைவராகக் கொண்டு பாடப்பெற்ற குளத்தூர்க் கோவை அந்நட்பின் நினைவுச் சின்னமாக நிற்கின்றது.

இந்நட்பைத் தனி நிகழ்ச்சியாகக் கொள்ளுதல் பொருந்தாது. பூவாளூர்த் தியாகராச செட்டியார், கிறித்தவராகிய சவரிராயலு நாயகர், நாகூர்க் குலாம்காதிறு நாவலர் எனப் பல குலத்தாரும் சமயத்தாரும் அவரிடம் பாடங்கேட்டனர். இப்பெருந்தன்மையைப் பிறவிக்குணம் என்று மட்டும் கூறி அமைவர் சிலர். பரதேசியின் பின் நடந்து கற்ற இளைஞர், தம்மை நாடி வந்தோரின் குலமும் சமயமும் வினவாமல் கற்பித்தமை வியப்பன்று. தாம் பெற்ற முறையிலேயே அவர் வழங்கினார் என்பதே பொருந்தும்.

1871இல் வேங்கடசுப்பையர் தம் மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் வந்தார். அம்மகனே உ. வே. சாமிநாதையர். மகனின் கல்வி கருதி ஊர்தோறும் அலைந்த தந்தை ஒருவர் தம்முன் நின்றபோது, பிள்ளையவர்கள் தம் தந்தையை நினைந்திருத்தலும் கூடும். இஃது ஊகமே, ஏனெனில் அவர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்திலர். 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக அவர் சரித்திரத்தை வெளியிட்டவர் அன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அம்மாணவரே. ஆசிரியர் மறைந்தது 1876ஆம் ஆண்டு பிப்பிரவரி 1ஆம் நாள்; இடையே ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தும் மாணவரின் கடப்பாடு தளரவில்லை.

பிள்ளையவர்கள் தம் மகனுக்குச் சிதம்பரம் என்று பெயரிட்டுத் தந்தைக்குரிய கடன் ஆற்றினார். மாயூரத்திலும் ஆவடுதுறையிலும் புகழ் எய்திய பின்னரும் 'திரிசிரபுரம்' என்னும் அடைமொழியைத் துறவாமையால் ஊர்க்குரிய கடனும் ஆற்றினார். ஆதலின், அவர் வரலாற்றை ஆராய்வோர் ஆதீனத்திலிருந்து தொடங்காது, தந்தையை இழந்த சிறுவனை ஆளாக்கிய அவ்வூரிலிருந்து தொடங்குதல் வேண்டும்.