வடக்கு சென்டினல் தீவில் தரைதட்டிய ‘பிரிம்ரோஸ்’

அந்தமானில் போர்ட் பிளேருக்கு மேற்கே, பவளத்திட்டுகள் சூழ்ந்த வடக்கு சென்டினல் தீவு உள்ளது. வங்கதேசத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கோழித்தீவனம் ஏற்றிச் சென்ற ‘பிரிம்ரோஸ்’ என்ற சரக்குக் கப்பல், 1981 ஆகஸ்ட் 2 அன்று இத்தீவின் பவளப்பாறையில் தரைதட்டியது. சில நாட்களில் கரையில் வில், அம்பு, ஈட்டிகளுடன் தீவினர் திரண்டனர். அவர்கள் ஓடம் கட்டுவதைக் கண்ட கேப்டன், தற்காப்புக்குத் துப்பாக்கிகளை வானிலிருந்து போடும்படி வயர்லெஸ்ஸில் கேட்டார். கொந்தளித்த கடல் ஓடங்களை நெருங்கவிடவில்லை. சுமார் ஒரு வாரம் கழித்து மாலுமிகள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர்.

கைவிடப்பட்ட கப்பல் தீவினருக்கு இரும்புக் களஞ்சியமாயிற்று. உலோகத்தை உருக்கத் தெரியாத அவர்கள், இரும்புத் துண்டுகளைத் தட்டித் தீட்டி அம்புமுனைகள் செய்துகொண்டனர். பின்னர் பழைய இரும்புக்காகக் கப்பலின் பெரும்பகுதி உடைத்தெடுக்கப்பட்டது. பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், வெளியார் இத்தீவுக்குச் செல்வது தடைசெய்யப்பட்டுள்ளது.